ஆறு மாசப் படிப்பு

மனைவியின் மூன்று வருஷப் படிப்பை ஆறே மாதமாகச் சுருக்கிவிடுவது என்று சிட்லபாக்கம் எலியேசர் முடிவு கட்டினார். பார்க் டவுன் ஆபீஸில் எத்தனையோ பேரின் லீவைச் சுருக்கிய ஹெட் கிளார்க் அவர். இதென்ன பிரமாதம்?

மகள் கிருபா கல்யாணமாகித் தூத்துக்குடி போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடந்தது. அந்தச் சமயம் பார்த்து ஞானசௌந்தரி, "என்னங்க, தபால்ல பி.ஏ. படிக்கலாமாம். நான்தான் இன்டர்மீடியட் பாஸாச்சே" என்றாள். எலியேசர் காதில் 'பி.ஏ.' ஏறியது; 'தபால்' ஏறவில்லை. மூன்று வருஷம் இவள் காலேஜ் காலேஜென்று அலைந்தால், சாயங்காலம் அவர் யார் முகத்தைப் பார்ப்பது? இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஹெட் கிளார்க் சொல்வாரா?

"டிகிரி யானை மாதிரி, ஞானம். கட்டித் தீனி போட மூணு வருஷம். சர்டிபிகேட்னா ஆறே மாசம். டைப்ரைட்டிங் லோயர் எழுது."

"பின்னாடி பி.ஏ. சேர்ந்தா, அந்த சர்டிபிகேட்டை அதுல கழிச்சுப்பாங்களா?"

"எப்படிக் கழிப்பாங்க? அது வேற, இது வேற. டிகிரின்னா முதல்லேருந்துதான்."

"லோயர் ஆறு மாசத்துல முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும்."

"சரி, உங்க இஷ்டம்."

மனைவி மறுபேச்சில்லாமல் தலையாட்டினால் புருஷன் கொஞ்சம் பயப்பட வேண்டும். எலியேசர் பயப்படவில்லை. அன்று ரசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இன்ஸ்டிடியூட் குரோம்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில். சாயங்கால பாட்ச். அவர் எலெக்ட்ரிக் டிரெயினில் வந்து இறங்கும்போது அவள் அங்கே தட்டிக்கொண்டிருப்பாள். வீட்டில் உப்புமா மூடி வைத்திருக்கும். பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் எடுப்பார். ஒன்றைத் திரும்ப வைத்துவிடுவார். ரேடியோவில் நெல்லுக்கு உரம் போடுவது பற்றிப் பேசுவார்கள். ஒரு தொட்டிச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றாத மனுஷர், வீட்டில் ஏதோ பேச்சுக்குரல் கேட்கட்டும் என்று அதைக் கடைசிவரை கேட்பார்.

லோயர் பாஸ். ஹையரில் சேர்ந்தாள். "இதுவும் ஆறு மாசம்தானே?" அதுவும் பாஸ். ஷார்ட்ஹேண்டில் சேர்ந்தாள். "இதுவும் சர்டிபிகேட்தாங்க."

தனிமை தாங்காமல் ஒரு நாள் பக்கத்து வீட்டு பக்தவச்சலத்தைத் தேடிப் போனார். அங்கே அவர் மனைவி கனகவல்லி எழுதிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து பக்தவச்சலம் பாடம் வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தட்டு முறுக்கு.

"கனகம் தபால்ல பி.ஏ. படிக்கிறா, சார்."

"காலேஜுக்குப் போக வேண்டாமா?"

"எதுக்கு சார்? பாடமெல்லாம் போஸ்ட்மேன் கொண்டாந்து குடுத்துடறான். சாயங்காலம் ரெண்டு பேரும் உட்கார்ந்துடுவோம். நல்லாப் பொழுது போகுது."

கொடுத்த முறுக்கை எலியேசரால் மெல்லவே முடியவில்லை. வீட்டுக்கு வந்து வாசலிலேயே காத்து நின்றார்.

"ஞானம், நீ பி.ஏ.வே படி."

"இவ்வளவு நாள் படிச்சதை அதுல கழிக்க மாட்டாங்களே? முதல்லேருந்துன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது வீட்டுல உட்கார்ந்து படிக்கிற படிப்புன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் நீங்க லோயர்னதும் சரின்னேன்."

எலியேசர் செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒத்தையில உட்கார முடியலை, ஞானம்" என்றார். சொல்லியே விட்டார்.

"கிருபா போனதுலேருந்து பகல் பூரா நானும் ஒத்தையிலதாங்க இருந்தேன். நீங்க வந்ததும் பேப்பரை விரிச்சுப்பீங்க. அங்கே போனா நாலு பேர் முகத்தையாவது பார்க்கலாமே."

சுருக்கத் தெரிந்தவருக்கு இதைச் சுருக்கத் தெரியவில்லை.

"நீங்களும் வாங்களேன்" என்றாள் அவள். "எங்க பாட்சுல ஒரு மிஷின் காலியா இருக்கு."

திங்கட்கிழமை எலியேசர் சர்ச்சுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு லோயரில் சேர்ந்தார். ஒன்றரை வருஷப் பேச்சு நெஞ்சு வரை முட்டிக்கொண்டு நின்றது. புதிதாகச் சேர்ந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாஸ்டர் ஞானசௌந்தரியிடம் கொடுத்திருந்தார். அவள் பக்கத்தில் வந்து நின்றதும் எலியேசர் ஆசையாகக் குனிந்து, "ஞானம், இன்னிக்கு ஆபீஸ்ல என்னாச்சு தெரியுமா..." என்று ஆரம்பித்தார்.

அவள் ஸ்கேலால் மேஜையைத் தட்டினாள்.

"கிளாஸ்ல பேசக் கூடாது, சார்."