நீலக் குழாய்க்காரர்

நீலக் குழாய்க்காரர் என்றொரு மனித இனம் உண்டு. சுவிஸ் நாட்டின் எல்லா மாநிலங்களிலும் பரவி வாழ்கிறது. பனி, வரி, வாடகை உயர்வு எதற்கும் அழிவதில்லை. அடையாளம் காண்பது சுலபம். எண்ணெய் அடிக்கும் இடத்தில் இரண்டு டீசல் குழாய்கள் தொங்குகின்றன அல்லவா? கறுப்புப் பிடி போட்டது சாதா டீசல். நீலப் பிடி போட்டது சுப்பர் டீசல், லீற்றருக்கு ஒன்பது ரப்பன், அதாவது ஒன்பது சதம், கூட. கறுப்புக் குழாயை ஓர் அனுதாபப் பார்வை பார்த்துவிட்டு நீலக் குழாயைத் தூக்குகிறாரே, அவர்தான். தூக்கி அடித்துவிட்டுச் சும்மா போவாரா? மாட்டார். பக்கத்தில் கறுப்புக் குழாயோடு நிற்கிற அப்பாவியைப் பார்த்து, எக்ஸ்ரே படத்தைப் பார்த்த வைத்தியர் மாதிரி மெல்லத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல்தான் ஒன்பது ரப்பனுக்குக் கிடைக்கும் முதல் லாபம்.

கார் வைத்திருப்போரிலும் இந்த இனம் உண்டு. ஆனால் அது முற்றி, காய்த்து, கனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் வோன்மொபில் வைத்திருக்கும் ஒருவரிடம் போக வேண்டும். வோன்மொபில் என்றால் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு ஓடுகிற வீடு. சாதாரணக் காரில் எஞ்சின் பழுதானால் கார் நிற்கும். இதில் வீடே நின்றுவிடும். பயம் பெரிதாக இருக்குமிடத்தில் பக்தியும் பெரிதாகத்தானே இருக்கும்?

ஆகவே பேர்ண் நகரை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனுக்கு வாருங்கள். அங்கே ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் பின்புறத்தில், வெள்ளை மங்கி மஞ்சளான வோன்மொபில் ஒன்று நிற்கும். அதன் உடைமையாளர் யேசுதாசன். மன்னாரில் பிறந்தவர், ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்பவர், சிக்கனத்தில் மகான். பாணை மாலையில் விலை பாதியானபிறகுதான் வாங்குவார். ஒரு தேயிலைப் பையில் இரண்டு தேத்தண்ணீர் ஊற்றுவார். குளிர்காலக் கோட்டைப் பழைய சாமான் கடையில் எடுத்தவர். அதன் உள்பக்கத்தில் இன்னும் வேறொருவரின் பெயர் தைத்திருக்கிறது. ஆனால் டீசல் என்று வந்துவிட்டால் மனிதர் அரசராகிவிடுவார்.

"வயித்துக்கு என்னத்தையும் போடலாம். எஞ்சினுக்குப் போடேலாது" என்பார்.

நீலக் குழாயால் அடித்து முடித்ததும் ஒரு சடங்கு உண்டு. வானொலியை நிறுத்துவார். கண்ணாடியை ஏற்றுவார். மூன்று கிலோமீற்றர் யாரும் பேசக் கூடாது. பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒரு விரலை உயர்த்தி, "கேக்குதோ?" என்பார். முன்னிருக்கையில் இருப்பவர் அந்த நேரம் "ஓம்" என்று சொல்லிவிட வேண்டும். "இல்லை" என்று சொன்னால் என்ன ஆகும்? கந்தகம், கசடு, ஊசித் துவாரம், எரிதல், எரியாமை என்று முக்கால் மணி நேர விரிவுரை தொடங்கும். ஊரில் எல்லோரும் ஒருதரம் "இல்லை" சொல்லிப் பார்த்தவர்கள். அதனால் எல்லோரும் "ஓம்" சொல்லப் பழகிவிட்டார்கள். அத்தனை "ஓம்"களையும் அவர் சாட்சியங்களாக எண்ணிச் சேர்த்து வைத்திருக்கிறார்.

ஒருமுறை ஒரு சுவிஸ் மெக்கானிக்கிடமே நேராகக் கேட்டார். பதினாலு வயதான எஞ்சினுக்குச் சுப்பர் டீசல் பிரயோசனமா? மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "பிரயோசனமும் இல்லை, கெடுதியும் இல்லை" என்றான். யேசுதாசன் வீட்டுக்கு வந்து மனைவி மக்டலினிடம், "கெடுதி இல்லையெண்டு மெக்கானிக்கே சொல்லிப்போட்டான்" என்றார். முதல் பாதி வரும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

இதெல்லாம் வேடிக்கைதான். யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். நட்டம் மக்டலினுக்கு.

ஐரோப்பா பார்ப்பதற்கென்று தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வாங்கிய வண்டி அது. அதற்கும் முன்பே மக்டலினுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. தம்பி எட்வேட்டின் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவனுக்குப் பெர்மிற் கிடைத்தால் லூர்து மாதாவிடம் வந்து ஒரு முழ மெழுகுதிரி கொளுத்துவேன் என்று வேண்டியிருந்தார். பெர்மிற் கிடைத்தது. மெழுகுதிரியும் வாங்கியாயிற்று. வண்டி வந்த அன்றே அதைத் துவாயில் சுற்றி, கட்டிலுக்கு மேலுள்ள அலுமாரியில் வைத்தார். பிறகு?

பிறகு நீலக் குழாய் குறுக்கே வந்தது. அந்தச் சுப்பர் டீசலை விற்ற கம்பனிக்குச் சுவிசில் மட்டும்தான் கிளைகள். முழுத் தாங்கியில் வண்டி நானூற்றைம்பது கிலோமீற்றர் ஓடும். போக இருநூறு, வர இருநூறு, ஐம்பது அவசரத்துக்கு. யேசுதாசன் வரைபடத்தை விரித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கவராயத்தை இரவல் வாங்கி, ஓஸ்டர்முண்டிகனில் ஊசியைக் குத்தி ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டமே அவருடைய ஐரோப்பா. லூர்து அந்த வரைபடத்திலேயே இல்லை. அது அடுத்த தாளில் இருந்தது.

"பிரான்சில நீலக் குழாய் இருக்கோ இல்லையோ ஆருக்குத் தெரியும்? கண்டதை அடிச்சு நடுவழியில நிண்டா? மாதாவோ வந்து தள்ளுவா?" என்று கேட்பார்.

"அப்ப ரயிலில போவமே."

"வீட்டில வண்டியை வைச்சுக்கொண்டு ரயிலோ!"

இப்படி மூன்று கோடைகள் போயின. வெயிலில் நின்ற வண்டிக்குள் மெழுகுதிரி ஒவ்வொரு கோடைக்கும் கொஞ்சம் வளைந்தது.

வண்டி மட்டும் சும்மா நிற்கவில்லை. நம்மவர் மத்தியில் ஒருவரிடம் வோன்மொபில் இருந்தால் அது அவருடையதா என்ன? கேட்பவர்களுக்கெல்லாம் யேசுதாசன் இரவல் கொடுப்பார். இரண்டு நிபந்தனை: வட்டத்தைத் தாண்டக் கூடாது, நீலக் குழாய் தவிர வேறெதையும் தொடக் கூடாது. கேட்டவர்களும் "ஓம் அண்ணை" என்று சொல்லித் திறப்பை வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த "ஓம்" எந்த வகை என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறை ஒட்டி சோலோதுர்ன் நகரத்து வரதராசா வந்து, ஜெனீவாவில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போக வேண்டும் என்று வண்டி கேட்டார். நாலு நாளில் திருப்பிக் கொடுத்தார். இரவல் வாங்கிய சட்டியை வெறும் சட்டியாகக் கொடுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட மனிதர். தாங்கி முட்ட எண்ணெய் அடித்து, இருக்கையில் பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா ஒரு பையும் வைத்துவிட்டுப் போனார். மாவை எடுத்துப் போத்தலில் கொட்டிய மக்டலின், வெறும் பையை எறியப் போய், அதில் அச்சடித்திருந்த கடை விலாசத்தை வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு அதை நாலாக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். முட்டிய தாங்கியோடு வண்டி மே மாதம் வரை நின்ற இடத்திலேயே நின்றது.

மே மாதம் லுசேர்ணில் எட்வேட்டின் மகள் நதாலிக்கு முதல் நற்கருணை. ஒரு காலத்தில் எட்வேட்டோடு ஒரே ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிய வரதராசாவும் கூட வந்தார். பேர்ணிலிருந்து லுசேர்ணுக்கு நெடுஞ்சாலையால் போனால் ஒரு மணித்தியாலச் சொச்சம். யேசுதாசன் பிறூனிக் மலைப்பாதையைப் பிடித்தார். ஏன்? சமதரையில் சுப்பர் டீசலின் மகிமையை எப்படிக் காட்டுவது? அதற்கு ஏற்றம் வேண்டும், வளைவு வேண்டும், பின்னால் இருந்து கேட்க ஒரு ஆள் வேண்டும். மூன்றும் அன்று அமைந்தன. வழியோர ஏரி முடிந்து ஏற்றம் தொடங்கியதும் வானொலி நின்றது. கண்ணாடி ஏறியது. விரல் உயர்ந்தது.

"தம்பி வரதராசா, காதைக் குடுத்துக் கேள். என்ன கேக்குது?"

"எஞ்சின் சத்தம், அண்ணை."

"சத்தமோ? இது சத்தமில்லையடா, மூச்சு. பட்டு உடுத்த பொம்பிளை நடக்கிற மாதிரி. சாதா டீசல் எண்டா இந்த இடத்தில இரண்டாம் கியருக்கு விழுந்து, தொய்வுக்காரன் மாதிரி இழுக்கும். இப்ப என்ன கியர்? பார்."

"மூண்டு, அண்ணை."

"கேக்குதோ?"

"ஓம், அண்ணை." வரதராசா யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

மக்டலின் கைப்பையைத் திறந்தார். "தம்பி, நீங்கள் வைச்சிட்டுப் போன ஒடியல் மா நல்ல மா. எங்க வாங்கினது?"

"அது... ஜெனீவாவில, அக்கா."

"ஜெனீவாக் கடைக்காரன் ஏன் தம்பி பையில பாரிஸ் எண்டு அடிச்சு வைச்சிருக்கிறான்?"

பை விரிந்தது. எஞ்சின் மட்டும் மூன்றாம் கியரில் தன்பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

"பாரிசுக்கோ போனனீ?" என்றார் யேசுதாசன்.

"மச்சாளின்ர மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, அண்ணை. சொன்னா வட்டத்தைக் காட்டுவியள்."

"அப்ப எண்ணெய்?"

"அங்க சுப்பர்மார்க்கெற் வாசலில ஒரு குழாய் இருந்தது. சனமெல்லாம் அதில அடிச்சுது. நானும் அடிச்சன்."

"திரும்பி வந்து முட்ட அடிச்சனியே, அது?"

"வெறும் தாங்கியோட தந்தா மரியாதையில்லையெண்டு..."

"எந்தக் குழாய்?"

வரதராசா ஒரு வளைவு முழுக்க யோசித்தார். "கறுப்பு" என்றார்.

நண்பர்களே, ஒரு மனிதனின் மதம் ஆட்டம் காணும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று பிறூனிக்கின் பதினோராம் வளைவில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வரதராசாவுக்கே பொறுக்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று, "நான் மட்டுமில்லை, அண்ணை. நித்தியானந்தன் அண்ணை போன வருசம் ஸ்ருட்கார்ட்டுக்குக் கொண்டு போனவர். அவரும் கறுப்புத்தான்" என்றார். ஆறுதல் சொல்வதிலும் ஒரு அளவு வேண்டும்.

மலை உச்சியில் வண்டிகள் நிறுத்துமிடம் ஒன்று உண்டு. யேசுதாசன் அங்கே நிறுத்தினார். எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கி, மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. எஞ்சின் என்ன செய்யும் பாவம்? நன்றாக ஓடியது. கொஞ்சம் இருமியிருக்கலாம், ஒரு சின்னப் புகை விட்டிருக்கலாம். மூன்று வருடம் நீலம் ஊற்றியவருக்கு அந்த மரியாதைகூடச் செய்யவில்லை.

இதற்கிடையில் மக்டலின் பின்னால் போய், அலுமாரியைத் திறந்து, துவாயைப் பிரித்து, மெழுகுதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். அது புடலங்காய் போல வளைந்திருந்தது.

யேசுதாசன் தலையை வெளியே எடுத்தபோது முகத்தில் பழைய ஒளி திரும்பியிருந்தது.

"விளங்கிட்டுது! மூண்டு வருசமா நான் குடுத்த சுப்பர் உள்ளுக்க ஊறிப்போய்க் கிடக்கு. நல்லாச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை நாலு நாள் வெறும் பாணோட இருந்தாலும் வாடாது. அதுதான் சங்கதி."

இந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்தால் என்ன செய்திருப்போம்? வாதாடியிருப்போம், தோற்றிருப்போம். மக்டலின் பதினேழு வருட அனுபவசாலி.

"ஓமப்பா, அப்பிடித்தான் இருக்கும். எல்லாம் நீங்கள் வளர்த்த வளர்ப்பு" என்றார். "அப்ப இந்தப் பிள்ளை லூர்து வரைக்கும் பாணோட போய் வரும்தானே?"

யேசுதாசன் எஞ்சினைப் பார்த்தார். வளைந்த மெழுகுதிரியைப் பார்த்தார். போகாது என்றால் தன் வளர்ப்பைத் தானே பழித்ததாகும். வரதராசா பெரிய அக்கறையோடு தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"போகும்" என்றார் யேசுதாசன், கொஞ்சம் ரோசத்தோடு. "ஏன் போகாது?"

"எப்ப?"

"ஓகஸ்ட்டில."

"தம்பி வரதராசா, நீங்கள் சாட்சி."

"ஓம், அக்கா" என்றார் வரதராசா. அன்று அவர் சொன்ன ஒரே உண்மையான ஓம் அது.

போனார்கள். லியோனுக்கு அப்பால் ஒரு சுப்பர்மார்க்கெற் வாசலில் யேசுதாசன் முதன்முதலாகச் சாதாக் குழாயைத் தொட்டார். வேறு யாரோ கையில் திணித்துவிட்டுப் போன ஈரக் குழந்தையைப் பிடிப்பது போல, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி அடித்தார். மக்டலின் முகம் கழுவப் போனதும், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, அக்கம் பக்கம் பார்த்து, தாங்கிக்குள் ஊற்றினார். டீசலைச் சுப்பராக்கும் மருந்தாம். கோப்பி குடிக்கும் கோப்பையளவுதான் இருக்கும், விலை மட்டும் ஒரு குடும்பச் சாப்பாட்டு விலை. முகம் கழுவி வந்த மக்டலின் வண்டியின் பக்கக் கண்ணாடியில் அதைக் கண்டார். காணாத மாதிரி ஏறி உட்கார்ந்தார். மூன்று கிலோமீற்றர் மௌனம். விரல் உயர்ந்தது.

"கேக்குதோ?"

"ஓம்" என்றார் மக்டலின், மடியில் மெழுகுதிரியை வைத்துக்கொண்டு. லூர்தில் மெழுகுதிரி வளைந்தபடியே எரிந்தது. மாதா அதைப் பெரிதுபடுத்தவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வீட்டில் எந்த அரிசி என்று ஒருதரம் பாருங்கள். அதே வயல் அரிசிக்கு மேலே தங்க மயில் அச்சடித்திருப்பதால் இரண்டு பிராங் கூடக் கொடுத்து வாங்கி, "சோறு பொலுபொலுவெண்டு இருக்கே" என்று விருந்தாளியைக் கேட்டு, அவர் வாய் நிறைய வைத்துக்கொண்டு "ஓம்" சொன்னதை நம்பியவர் நீங்கள்தானே? தலையிடிக்கு விலை குறைந்த குளிசை போட்டால் பாதிதான் போகும் என்பவர்? சரி, அதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இவ்வளவு நேரமும் இதை வாசித்துக்கொண்டு வருகையில், இதே சங்கதி வழவழப்பான தாளில், கெட்டி அட்டை போட்ட புத்தகத்தில் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும் என்று உங்களுக்கு எங்காவது தோன்றியதா?

தோன்றியிருந்தால், கையைப் பாருங்கள். நீலப் பிடி தெரியும்.