வெட்டித் தருகிறேன், ஒட்டிக்கொள்ளுங்கள்

மனிதரில் கோப்புவெட்டி என்று ஓர் இனம் உண்டு. உங்கள் அலுவலகத்தில் நிச்சயம் ஒருவர் இருப்பார். உங்கள் நேரம் சரியில்லை என்றால் வீட்டிலேயே இருப்பார். பார்க்கப் பரம சாது. வம்புதும்புக்குப் போகமாட்டார். ஆனால் “இந்த ஃபைல் ரொம்பப் பெரிசா இருக்கு, மெயில்ல போகமாட்டேங்குது” என்று ஒரே ஒரு முறை அவர் காதில் விழும்படி முனகிவிடுங்கள், அப்புறம் பாருங்கள்: சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓடிவந்து, உங்களை நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டு, மவுஸைச் செத்த பல்லியைத் தள்ளுவது போல ஓரங்கட்டி, கறுப்பாக ஒரு திரையைத் திறந்து, அதில் வெள்ளை எழுத்தில் அரை வரி தட்டி, என்டர் பொத்தானை மட்டும் மேசை அதிர ஒரு குத்துக் குத்துவார்.

முடிந்தது. உங்கள் ஒரு கோப்பு இப்போது நாற்பது கோப்பு.

அந்த நாற்பதுக்கும் மனுஷன் நல்லதாகப் பெயர் வைத்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? எக்ஸ்-ஏ-ஏ, எக்ஸ்-ஏ-பி, எக்ஸ்-ஏ-சி. சொந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்க மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்தான். “இதுல எதுங்க என்னோடது?” என்று பரிதாபமாகக் கேட்பீர்கள். “எல்லாம் சேர்ந்தா உங்களோடது” என்பார். சரி, சேர்ப்பது யார்? “அது ஒரே ஒரு வரிங்க. வாங்குறவங்க தட்டிக்குவாங்க.” வாங்குகிறவர் பல் பிடுங்கும் மருத்துவராக இருக்கலாம், கண் மங்கிய அத்தையாக இருக்கலாம், தட்டிக்கொள்வார்கள். வெட்டுவதோடு தன் கடமை தீர்ந்தது என்பதில் இந்த இனத்துக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் அக்காவின் கணவர். அத்தான் தங்கமான மனிதர். அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. வெட்டாமல் இருக்கத்தான் முடியாது.

அக்கா பிறவி நீச்சல்காரி. பிள்ளைகளுக்காக வேலையை விட்டவள், அவர்கள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நாலு சுவரையும் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த தெருப் பொது நீச்சல்குளத்தில் பயிற்சியாளர் தேவை என்று அறிவிப்பு வந்ததும் முதல் ஆளாக விண்ணப்பித்தாள். “இது கிடைக்கலைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்டா” என்று என்னிடம் சொன்னபோது அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. விண்ணப்பத்தோடு ஒரு காணொளி கேட்டிருந்தார்கள்: உயரப் பலகையிலிருந்து குதித்து, மூழ்குகிறவரைக் கரை சேர்ப்பது வரை. மூழ்குகிறவராக நான் நடித்தேன். நடித்தேன் என்று முழுசாகச் சொல்ல முடியாது, பாதி நிஜம். படம் பிரமாதமாக வந்தது. பெரிதாகவும் வந்தது. மின்னஞ்சல் அதை ஏற்க மறுத்தது.

“ஏங்க, பென் டிரைவ்ல போட்டு நேர்ல குடுத்துட்டு வந்துடட்டுமா? பக்கத்துத் தெருதானே?” என்றாள் அக்கா.

அத்தான் அவளைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். “நான் எதுக்கு இருக்கேன்?” என்றார். கறுப்புத் திரை. அரை வரி. குத்து.

இரண்டு நாள் கழித்துக் குளத்து எழுத்தர் தொலைபேசியில் வந்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, படம் பார்த்தோம். பலகை மேல ஏறுனீங்க, குதிச்சீங்க. அப்புறம்?”

“அப்புறம்னா?”

“அந்தரத்துல நிக்கிறீங்கம்மா. தண்ணிக்கே வரல. மீதித் துண்டு எதுவும் திறக்க மாட்டேங்குது. கமிட்டி இங்கதான் உக்காந்திருக்கு, சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லணுமாம். மத்தவங்க எல்லாம் கரைக்கு வந்துட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் பாக்கி.”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அத்தான் முகத்திலோ கல்யாணக் களை! இத்தனை வருஷத்தில் ‘எப்படிச் சேர்ப்பது’ என்று அவரிடம் கேட்கும் நிலைக்கு வந்த முதல் ஜீவன் அந்த எழுத்தர்தான். விடுவாரா? போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“சார், ஒரே வரிதான். நான் சொல்லச் சொல்ல அடிங்க. மொதல்ல கறுப்பா ஒரு திரை திறங்க.”

“எங்ககிட்ட அதெல்லாம் கிடையாதுங்க. தண்ணிதான் இருக்கு.”

“எல்லார்கிட்டயும் இருக்கும் சார், பொறுமையாத் தேடுங்க.”

எழுத்தர் தேடினார். அத்தான் எழுத்து எழுத்தாகச் சொன்னார், இடைவெளி விடச் சொன்னார், விட்டதை எடுக்கச் சொன்னார், நட்சத்திரக் குறி எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று விளக்கினார்.

“அடிச்சுட்டேங்க. ஒண்ணும் ஆகல.”

“எதுல அடிச்சீங்க?”

“லீவு லெட்டர் அடிக்கிறதுலதான்.”

“பரவாயில்ல சார், மறுபடி மொதல்லேருந்து வருவோம்.”

அக்கா எழுந்து உள்ளே போனாள். நீச்சல் உடையும் துண்டும் திணித்த பையோடு வெளியே வந்து, “வாடா” என்று என்னைப் பார்த்தாள். நாங்கள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டதும் அத்தான் திரும்பிப் பார்க்காமலே உதட்டில் விரலை வைத்தார். முக்கியமான கட்டமாம்.

குளத்தில் நாங்கள் போய் நின்றபோது எழுத்தர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து இன்னமும் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா நேராகக் கமிட்டிக்காரர்களிடம் போனாள்.

“நான்தாங்க அந்தரத்துல நிக்கிறவ. மீதியை நேர்லயே காட்டிடட்டுமா?”

தலைவி அம்மாள் சிரித்துவிட்டு, “ஏறுங்க” என்றார். எழுத்தர் போனை மேசை மேல் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஓடிவந்தார். அக்கா பலகையில் ஏறினாள், குதித்தாள், தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தாள், ஒரே துண்டாக. நான் மறுபடி மூழ்கினேன். அவள் என் தலைமயிரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்தாள். அத்தான் மேலிருந்த கோபமெல்லாம் அந்தப் பிடியில் இருந்தது. கைதட்டல். “திங்கக்கிழமை காலையில வந்துடுங்க” என்றார் தலைவி. அக்கா ஈரத்தோடு நின்று அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

அப்போது மேசையிலிருந்து ஒரு குரல் அலறியது.

“சார்! சத்தம் கேட்டுச்சு சார்! தண்ணியில விழுந்துட்டா! கைகூடத் தட்டுறாங்க! ஓடுது பாருங்க, ஒரே வரிதான்னு சொன்னேன்ல?”

எழுத்தர் போனை எடுத்தார். ஈரம் சொட்டச் சொட்ட நின்ற அக்காவைப் பார்த்தார். ஒரு நொடி யோசித்து, “ஆமாங்க, சேர்ந்துடுச்சு” என்று வைத்துவிட்டார்.

இன்றைக்கும் அத்தான் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், மனைவிக்கு வேலை வாங்கிக் கொடுத்த அந்த ஒரு வரியை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். அக்கா மறுத்துப் பேசுவதில்லை. அவளுக்கு அதற்கு நேரமில்லை.

சிரிக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் இதைப் படிக்கும்போதே, ‘காணொளியை இப்படியா வெட்டுவார்கள், அதற்கு வேறு கட்டளை இருக்கிறதே’ என்று உங்கள் விரல் துறுதுறுத்ததா? பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கவே ஆரம்பித்துவிட்டீர்களா? தாராளமாக விளக்குங்கள். நடுவில் ஒரே ஒரு முறை மட்டும் தலையைத் திருப்பி, அவர் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.