கியர் பெட்டிக்கு எந்த ஆயில்?

மெக்கானிக் கோவிந்தராசு ஓட்டினால் கார் சத்தமே போடாது. தெட்சிணாமூர்த்தி ஓட்டினால் மட்டும், கியர் மாற்றும்போதெல்லாம் தகரத்தை அரத்தால் ராவுவதுபோல் கர்ரென்று அலறும்.

தெட்சிணாமூர்த்தி காரைக்காலில் பௌதிக ஆசிரியர். காரணம் தெரியாமல் விடமாட்டார். மகள் அல்லியின் மாப்பிள்ளை அழைப்புக்குத் தானே கார் ஓட்டுவதாக சம்பந்தியிடம் வேறு சொல்லியிருந்தார். வாடகைக் கார் பிடிக்கலாம் என்ற மனைவி பங்கஜவல்லியின் யோசனை எடுபடவில்லை.

பட்டறையில் காரில் உட்கார்ந்தபடியே கோவிந்தராசுவுக்குப் பொறுமையாக விளக்கினார்.

"கிளச்சை முழுசா மிதிச்சா இன்ஜின் விலகி நிக்கும். அப்ப உள்ள ஒரு பித்தளை வளையம் பல்சக்கரத்தைப் பிடிச்சு வேகத்தைச் சமமாக்கும். சாதா ஆயில் கெட்டி. வளையம் பிடிக்க நேரமாகுது."

"நான் ஓட்டுறப்ப பிடிக்குதே சார்?"

"அதுக்குள்ள ஆயில் சூடாயிருக்கும்ப்பா."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அம்பகரத்தூர் கோயிலுக்குப் போய் அம்மன் படம் வாங்கிவந்து காரில் ஒட்டியதிலிருந்து அவர் வெறுங்காலோடுதான் ஓட்டுவார். கழற்றிய செருப்பைக் காலாலேயே உள்ளே தள்ளிவிடுவார்.

கல்யாணத்துக்குப் பாரிஸிலிருந்து வந்த மைத்துனர் சோமசேகரன், இவர் கடிதத்தில் கேட்டபடி ஒரு டின் சிந்தடிக் ஆயில் கொண்டுவந்தார். ஊற்றினார்கள். சத்தம் கூடியது.

வழுவழுப்பு அதிகம், வளையம் வழுக்குகிறது என்று தெட்சிணாமூர்த்தி அதற்கும் காரணம் கண்டுபிடித்தார். அதை வடித்துவிட்டு, முன்பைவிடக் கெட்டியான சாதா ஆயிலை ஊற்றச் சொன்னார். இப்போது சத்தத்தோடு, கியரைத் தள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது. கோவிந்தராசு தலையைச் சொறிந்தான்.

அழைப்பு அன்று பிள்ளையார் கோயிலிலிருந்து கார் நின்று நின்று நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் கர்ர். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் சம்பந்தியம்மாள் அஞ்சுகம், பொண்ணு வீட்டு வண்டிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா என்று கேட்டாள். தெரு முழுக்கச் சிரித்தது.

தெட்சிணாமூர்த்தி சாதா ஆயில், சிந்தடிக் ஆயில் என்று ஆரம்பித்தார். பாதியில் குரல் இறங்கிவிட்டது. பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை இளையபெருமாளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை, மாலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"மாமா, கிளச்சுக்கு அடியில உங்க செருப்பு கெடக்குது. அத எடுத்துடுங்க, பெடல் முழுசா இறங்கும்."