அங்கிளின் வேட்டியில் கறிவேப்பிலை

புத்தகம் படித்துத் திருந்தியவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு புத்தகம் படித்துவிட்டு எங்கள் வீட்டுச் சோபாவைத் திருத்தப் போனேன்.

அப்போது, புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், பார்க்டேல் பகுதியில் குடியிருந்தோம். எனக்கு வயது இருபத்துநான்கு. வேலை இல்லை, அபிப்பிராயங்கள் நிறைய. நூலகத்தில் எடுத்த புத்தகம், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கலை-கைவினை இயக்கத்தைப் பற்றியது. தொழிற்சாலைகள் கொட்டிய உயிரற்ற பண்டங்களைப் பார்த்துச் சலித்தவர்கள் தொடங்கியது. செய்பவன் கையால், மகிழ்ந்து செய்ய வேண்டும். வடிவத்தை இயற்கையிலிருந்து எடுக்க வேண்டும். எந்தப் பொருளும் தன் இயல்பை மறைக்கக் கூடாது. வாசித்து நிமிர்ந்தால், எதிரே எங்கள் சோபா. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைப் பதினோராவது வருடமாகப் போர்த்தியிருந்தது.

“கழட்டாதை, செற்றி பழுதாப்போம்” என்றார் அம்மா. “சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருகினம்.”

மாப்பிள்ளையைத் தங்கையே தேடிப் பிடித்திருந்தாள். அவனுடைய அப்பா மட்டும் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. அதற்காகத்தான் அந்த அங்கிள் நகரத்தின் மறுகோடி மோர்னிங்சைட்டிலிருந்து வருகிறார்.

“அண்ணா, ப்ளீஸ். ஒரு நாளைக்கு மட்டும் நோர்மலா இரு” என்றாள்.

நான் பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். பல்கனித் தொட்டியில் இருந்த கறிவேப்பிலைக் கொத்தைப் பார்த்து, அம்மாவின் மரக்கறி வெட்டும் பலகையில் அச்சுச் செதுக்கினேன். (அம்மா அந்தப் பலகையை மூன்று நாள் தேடினார்.) வெள்ளைத் துணியில் மஞ்சள் சாயத்தால் குத்தி, சோபாவுக்கு உறை போட்டேன். படிகாரம் கலந்தால்தான் சாயம் பிடிக்கும் என்று புத்தகம் சொன்னது. அது கலப்படம் என்று படிகாரத்தை விட்டுவிட்டு, புத்தகத்தையே திருத்தினேன்.

ஜூலை மாதம். ஏசி இல்லாத அடுக்குமாடி. அங்கிள் பட்டு வேட்டியோடு ஒன்றரை மணி நேரம் வியர்த்தபடி உட்கார்ந்திருந்தார். முடிவு சொல்லவில்லை. “முதல்ல கோயிலுக்குப் போட்டு வருவம்” என்று எழுந்து முன்னே நடந்தார்.

பின்னால் போன நான்தான் முதலில் பார்த்தேன். துணியில் மங்கலாக விழுந்திருந்த இலை நரம்புகள் வேட்டியின் பின்புறத்தில் துல்லியமாக இருந்தன. பக்கத்துக்கு ஒரு கொத்து. அப்படியே கோயில்வரை பின்தொடர்ந்தேன்.

கோயிலில் அவர் மூன்று சுற்றுச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் ஒரு அன்ரி நிறுத்தினார்.

“அண்ணை, உங்கட வேட்டியில கறிவேப்பிலை.”

அங்கிள் முந்தானையைத் தேடும் பெண்ணைப் போல இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார், தெரியவில்லை. வேட்டியை இழுத்துப் பார்த்தார், தெரிந்தது.

“உது ஆற்றை வேலை?”

தங்கை என்னைப் பார்த்தாள். அவளுடைய கண்ணில் கல்யாணம் நின்றுபோயிருந்தது.

“என்ர வேலை அங்கிள்” என்றேன். “கையால செய்தது.”

அவர் அந்த இலையை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

“ஓம் எண்டு நான் வாயால சொன்னால் காணாதோ தம்பி? முத்திரையும் குத்தவேணுமோ?”

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். அன்று மாலையே கடைக்குப் போய்ப் புதிய பிளாஸ்டிக் உறை வாங்கினார்.

அது இன்னும் சோபாவில் இருக்கிறது. போன வாரமும் அங்கிள் வந்தார். உட்காருவதற்கு முன் அந்தப் பிளாஸ்டிக்கை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, வழக்கம்போல என்னைப் பார்த்துக் கேட்டார்:

“தம்பி, காய்ஞ்சிட்டுதோ?”