கூண்டுக்குள் உட்கார்ந்த அறுநூறு

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் பாலம் கட்டிய இன்ஜினியர்கள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் அறுநூறை மட்டும் உட்காரவைத்தால், நாங்கள் அந்தரத்தில்தான் தொங்குவோம். நானும் அந்த இன்ஜினியர்களில் ஒருவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

அறுநூறு, காணை ஊர்க்காரர். கம்பி கட்டும் மேஸ்திரி. திண்டிவனம் பக்கம் நாங்கள் கட்டிய பாலத்துக்கு, வழக்கமான ஐந்நூறு கிரேடு கம்பிக்குப் பதிலாக அறுநூறு கிரேடு வந்தது. பலம் கூடுதல், ஆறு கம்பி போகிற இடத்தில் ஐந்து போதும். அன்றிலிருந்து மனிதருக்கு அதன்மேல் பைத்தியம், பட்டப்பெயரும் அதுவே. சின்ன மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே, "மாப்ள எத்தினி கிரேடு?" என்று கேட்டதாகக் கேள்வி.

"மடக்கிட்டு உட்டா இது நல்லா நிமிந்து திரும்பிப் பாக்கும் சார். ரோசக்காரன். ஐந்நூறு சாது, அந்த அளவுக்குத் திமிராது" என்பார். நான் சிரிப்பேன்.

தூணின் தலையில் உட்காரும் உத்திரத்துக்குக் கம்பிக் கூண்டு கட்டிய நாளில் அவர் லீவு. பேத்திக்குக் காதுகுத்து. மறுநாள் காலை கான்கிரீட் லாரிகள் வரிசையாக வந்து நின்றன. அறுநூறு வந்தார், மிச்சம் கிடந்த ஒரு கம்பியை மடக்கிப் பார்த்தார், விறுவிறுவென்று மேலே ஏறிக் கூண்டுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மேஸ்திரி, வெளிய வாங்க. லாரில கான்கிரீட் இறுகிடும்!"

"இது அறுநூறு இல்ல சார். எண்ணிக்கையும் கம்மி, பலமும் கம்மின்னா பாலம் இன்னாத்துக்கு ஆவும்? ஊத்தறதுன்னா என் தலைமேலயே ஊத்துங்க."

"என் வேலைக்கு வேட்டு வைக்காம விடமாட்டீங்களா?"

கோபத்தோடு உள்ளே தவழ்ந்தேன். ஒவ்வொரு கம்பியின் உடம்பிலும் கிரேடு எண் பதிந்திருக்கும். செல்போன் வெளிச்சத்தில் படித்தேன். ஐந்நூறு. அடுத்தது, ஐந்நூறு. வந்த கம்பிக் கட்டுகளில் தொங்கிய அட்டையில் அறுநூறு என்று இருந்ததை மட்டும் நம்பி, குனிந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

லாரிகளைத் திருப்பி அனுப்பினேன். மத்தியானம் விழுப்புரத்திலிருந்து மேனேஜர் வந்து குதித்தார். "யாருய்யா இதைப் பார்த்தது?" பார்க்காமலே கையெழுத்துப் போட்ட உண்மையைச் சொன்னால் அன்றைக்கே நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

அறுநூறு முந்திக்கொண்டார். "சார்தாங்க பாத்தாரு. நாந்தான் ஊத்தலாம்னு பேஜாரு பண்ணிக்கினு இருந்தேன். உள்ள பூந்து நம்பரப் படிச்சி நிறுத்தினது அவருதான்."

மேனேஜர் என் கையைக் குலுக்கினார். அறுநூறை ஏசிவிட்டுப் போனார்.

"ஏன் மேஸ்திரி இப்படிச் சொன்னீங்க?"

"வேற இன்ஜினியர் வந்தா, அவருக்கு மொதல்லேர்ந்து சொல்லணும் சார்."

இப்போது அந்தப் பாலத்தில் பஸ் ஓடுகிறது. அன்று வராத சத்தம் இன்றுதான் வருகிறது: நிறுத்தியது நான் இல்லை, அவர். இதை மேனேஜர் படித்தாலும் பரவாயில்லை. காணையில் யாராவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.