எட்டாவது பெட்டி

"படத்துலதான் இருக்கியே, அப்புறம் என்னய்யா?" என்றார் பொது மேலாளர் ஜகதீசன்.

"எங்க சார்?" என்றார் வேதாசலம்.

"அதோ, கீழே."

கீழே ஒரு புள்ளி இருந்தது.

திங்கட்கிழமை டில்லியிலிருந்து சேர்மன் வருகிறார். யாருக்குக் கீழே யார் என்று அவர் நுழைந்ததும் தெரிந்துகொள்ள, பாலாநகர் தொழிற்சாலையின் வரவேற்பறைச் சுவரில் ஒரு படம் வேண்டும். ஒவ்வொரு பதவியின் பெட்டியும் மேல் பதவியில் சரிபாதி அளவு இருக்க வேண்டுமென்பது ஜகதீசனின் சொந்தச் சிந்தனை. கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தூசு. ஒரு பெட்டி வரைந்து, பாதி அளவில் ஒரு நகல், அதில் பாதியாக இன்னொன்று என்று ஏழு முறை இறங்கச் சொன்னால் போதும். ஜகதீசனுக்கு நாற்பது சென்டிமீட்டர். எட்டாவது பெட்டியான வரைவாளர் வேதாசலத்துக்கு மூன்று மில்லிமீட்டர். அதற்குள் பெயரை எழுதப்போன, தாளில் படம் கீறும் பிளாட்டர் எந்திரத்தின் பேனா, ஒரு சொட்டு வைத்துவிட்டுத் திரும்பிவிட்டது.

கம்ப்யூட்டர் வந்ததும் மற்ற வரைவாளர்களை வேறு பிரிவுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். குளிரூட்டிய அறையில் வேதாசலம் மட்டும் மிஞ்சினார். இரண்டு வருடமாக எல்லோரும் அவரையும் "கம்ப்யூட்டர்" என்றே கூப்பிடுகிறார்கள்.

மெட்டுகுடா வீட்டிலும் அவர் மட்டும்தான். "அந்த ஆபீஸ்ல உங்களை யாருக்காவது தெரியுமா?" என்று ஒரு சண்டையில் கேட்டுவிட்டு, மனைவி சாவித்ரி கும்பகோணத்துக்கு ரயிலேறி ஒன்றரை வருடமாகிறது. அங்கிருந்து கடிதம் இல்லை. இவரும் போடவில்லை. சுவரில் தன் பெயரோடு ஒரு போட்டோ எடுத்து, அதையே பதிலாக அனுப்பலாமென்று இருந்தார். புள்ளியை எப்படி அனுப்புவது?

மொத்தப் படத்தையும் நாலு மடங்காக்கினார். பெயர் கண்ணுக்குத் தெரிந்தது. ஜகதீசனின் பெட்டி ஐந்தடியைத் தாண்டி, இரண்டு தாளாக வந்து ஒட்டப்பட்டது.

"இப்பத்தான்யா ஒரு கம்பீரம் வந்திருக்கு."

"ஆனா சார், படம் பத்தரை அடி. சுவரு ஒன்பதுதான்."

"அதனால என்ன? கீழே ஒன்றரை அடி வெட்டிடு."

கீழே ஒன்றரை அடியில் ஐந்து பதவிகள் இருந்தன. இதுவரை புள்ளியாகவாவது இருந்த வேதாசலம் இப்போது அதுவும் இல்லை.

சனிக்கிழமை மதியம் வீட்டுக்குப் போகாமல், ஒன்பது அடிக்குள் அடங்கும்படி முதலிலிருந்து போட்டார். பாதி என்றால் அரை என்று கொடுக்க வேண்டும். அவசரத்தில் இரண்டு என்று தட்டிவிட்டார். எட்டுப் பெட்டிகளும் ஒன்றுக்கொன்று இரட்டிப்பாகி, தாளுக்கு ஏற்றபடி பணிவோடு சுருங்கி உட்கார்ந்தன. பிளாட்டர் கீறத் தொடங்கியதும் இவர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். வந்ததை வந்தபடி மாட்டும்படி பியூன் பழனிசாமிக்கு ஏற்கெனவே உத்தரவு.

திங்கட்கிழமை காலை ஜகதீசன் படத்தின் முன்னால் நின்றார்.

"நான் எங்கேய்யா?"

"மேலே சார். உச்சியில, புள்ளி மாதிரி தெரியுதே."

"இது யாரு, நாலரை அடியில?"

"நான்தான் சார்."

ஜகதீசன் வாசலை எட்டிப் பார்த்தார். "சேர்மன் கார் கேட் பக்கத்துல வந்தாச்சு. பழனிசாமி, கழட்டு அதை. கம்ப்யூட்டர், மத்தியானம் உன் மெமோ ரெடியா இருக்கும்."

பழனிசாமி ஏணியைச் சாய்த்தான்.

"நக்கோ பழனி, கழட்டாதே, ஒரு நிமிஷம் இரு." டெலிபோன் அறையிலிருந்து ஆபரேட்டர் எலிசபெத் வெளியே வந்திருந்தாள். அந்தப் பெரிய பெட்டியை எழுத்தெழுத்தாக வாசித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"வேதாசலம்னா நீங்களா சார்?"

"ஆமாம்மா."

"ஐயோ, ஒன்றரை வருஷமா மாசாமாசம் சாவித்ரின்னு ஒரு அம்மா கும்பகோணத்துலேந்து டிரங்கால் போட்டு உங்களைக் கேக்குறாங்க சார், அப்படி யாருமே இங்க இல்லைன்னு நான்தான் சொல்லிட்டிருக்கேன்."