இடது ஷூவில் பிடிபட்ட வண்டுக்கு என் பெயர் வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய வண்டியல் இதழின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் வீட்டாரும் நலம். தாங்களும், தங்கள் அலுவலகத்தில் அட்டையில் ஒட்டப்பட்டிருக்கும் வண்டுகள் அனைவரும் நலமா என அறிய ஆவல்.

அருங்காட்சியகத்தில் வண்டுப் பிரிவைக் கவனிக்கும் என் சித்தி, புதிய வண்டு இனம் ஒன்றை விவரித்துத் தங்களுக்குக் கட்டுரை அனுப்பியிருக்கிறார். அதற்கு என் பெயரை வைத்திருக்கிறார். கேட்டதும் பெருமையில் வீங்கித்தான் போனேன். கட்டுரையைப் படித்ததும் காற்று இறங்கிவிட்டது. ஐயா, அது குட்டைச்சிறகு வண்டு. துவைத்துச் சுருங்கின சட்டை மாதிரி சிறகு பாதி முதுகோடு நின்றுவிடும், மிச்ச வயிறு மொத்தமும் வெளியே. குடியிருப்பு அழுகலில். யாராவது கிட்டே வந்தால் தேள் போல வாலைத் தூக்கும், ஆனால் கொடுக்கே கிடையாது. "ஏன் சித்தி என் பேரு?" என்று கேட்டேன். "வாலைத் தூக்கி மிரட்டுது, ஒண்ணும் பண்ணத் தெரியல, நாத்தம் மட்டும் வருது. பார்த்ததும் உன் நெனப்புதான்டா வந்துச்சு," என்றார். அப்பா அதற்குள் ஊருக்கெல்லாம் போன் போட்டுவிட்டார். "பையன் பேரெடுப்பான்னு பார்த்தேன், பூச்சி அவன் பேரை எடுத்துக்கிச்சு."

அது கிடைத்த இடத்தைக் கேட்டால் இன்னும் கேவலம். சித்தி மகன் வகுப்பில் எப்போதும் முதல், அதனால் வீட்டில் அவன் பெயரே ரேங்க். அவனுடைய இடது விளையாட்டு ஷூவுக்குள் நான் காளான் வைத்தேன். காலை விடுவான், அலறுவான் என்று கணக்கு. படிக்கிற பிள்ளை, விளையாடவே போகவில்லை. காளான் உள்ளேயே அழுகி, வாசம் பிடித்து வண்டுகள் குடும்பத்தோடு குடிவந்துவிட்டன. சித்தி முதுகில் நாலு வைப்பார் என்று பார்த்தால், டார்ச்சோடு ஷூவுக்குள் தலையை விட்டுவிட்டு, "யாரும் கிட்ட வராதீங்க, மூச்சுகூட விடாதீங்க," என்கிறார். அந்த நாற்றத்தில் யார் மூச்சு விடுவார்கள்.

பெயர் ஒருமுறை அச்சேறிவிட்டால் வைத்தவரே நினைத்தாலும் மாற்ற முடியாதாமே. நான் தாத்தாவானாலும் என் பெயர் நாறிக்கொண்டே இருக்குமாம். ஆனால் இதே வண்டுக்கு யாராவது முன்பே பெயர் வைத்திருந்தால் பழைய பெயர்தான் நிற்கும், புதுசு செத்துப்போகும் என்று சித்தி வாய்தவறிச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். உதவி பண்றேன் சித்தி என்று நல்ல பிள்ளையாக அருங்காட்சியகம் போய், லீவு முழுக்க டப்பா டப்பாவாகத் திறந்து, நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டிக்கொண்டு, இவன் ஏற்கெனவே எங்கேயாவது பிறந்திருக்கமாட்டானா என்று தேடினேன். கடைசியில் பழைய பெயர்ச்சீட்டோடு ஒருவன் அகப்பட்டான், அச்சு அசல். தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடினவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "என்ன ஒண்ணு சித்தி, நம்மாளுக்குத் தலையெல்லாம் பொடிக்குழி, இவனுக்கு வழவழன்னு இருக்கு," என்று சொல்லித் தொலைத்தேன். சித்தி குனிந்து பார்த்தார், நிமிரவே இல்லை. "இதை நான் கவனிக்கவே இல்லியேடா. இனி எவனும் இது பழசுன்னு சொல்ல முடியாது," என்று என் தலையில் முத்தம் கொடுத்தார். தங்களுக்கு அனுப்பிய திருத்தத்தில் அந்தக் குழிகள்தான் முக்கிய அடையாளம். எனக்கு நானே குழி தோண்டிக்கொண்டதை இதைவிடத் துல்லியமாக யாரும் விவரித்ததில்லை.

ஆகவே ஐயா, என் பெயரை அடித்துவிடுங்கள். ரேங்க் பெயரை வையுங்கள். ஷூ அவனுடையது, நாற்றத்தில் பாதி அவன் கால் சம்பாதித்தது.

தங்கள் இதழ் செழிக்கட்டும். தங்கள் ஷூவில் எந்தப் புது இனமும் தோன்றாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
கடைசிவரை மனிதனாகவே இருக்க விரும்பும்
வாலு

பி.கு.: ரேங்க் என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டான். நேராக அவன் அம்மாவிடம் போய், "அவனுக்கு வேணாம்னா எனக்கு வெச்சிடும்மா, ஷூ என்னோடதுதானே," என்கிறான். சித்தியும், "சரி, அவன் எழுதிக் குடுத்தா மாத்திடறேன்," என்கிறார். ஐயா, காளான் வைத்தது யார்? குழியைப் பார்த்தது யார்? இவன் அந்த ஷூவைப் போடக்கூட இல்லை. வண்டு என்னுடையது, அதன் வாலும் நாற்றமும் என்னுடையவை. பெயரில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாதீர்கள். இக்கடிதத்தைக் கிழித்துத்தான் போட்டிருப்பேன். ஆனால் தலைக்குழியைக் கண்டுபிடித்தது நான்தான் என்பதற்கு வேறு சாட்சி இல்லை.